விண்ணளந்த வித்தகர் வால்ற்றர் பாடே

ஒரு பொருளை அளப்பதற்கு அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் பிழையுடையதாயின், அளப்பவன் எத்துணை நுட்பமாக அளந்தாலும் அவன் கண்ட அளவுகள் யாவும் பிழைபட்டே முடியும். நிலம் அளப்போருக்கும் துணி அளப்போருக்கும் பொருந்தும் இவ்வுண்மை, விண்ணை அளப்போருக்கும் பொருந்துவதாகும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வானியல் அறிஞர்கள் தொலைவிலுள்ள அண்டங்களின் தூரத்தை ஒரே வகையான அளவுகோலைக் கொண்டு அளந்து வந்தனர். அக்கோல் காட்டிய தூரங்கள் உண்மைத் தூரத்தின் பாதிக்கும் குறைந்தன. அதன் பயனாகப் பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதிலும் குறைந்ததாகக் கணக்கு நின்றது. தாயினும் மகள் மூத்தவள் என்பது போன்ற இம்முரண்பாட்டுக்குக் காரணம் எங்கே உள்ளது என்பதை ஒருவராலும் திட்டமாகக் காட்ட முடியவில்லை. அதனைக் காட்டி அளவுகோலைத் திருத்தியவர் வால்ற்றர் பாடே என்னும் ஜேர்மானிய அறிஞர்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் வானியல் அறிஞரின் வரலாற்றை எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பலரும் ஒப்புக்கொண்ட ஒரு கருத்துக்கு மாறான சான்று தன் கண்ணுக்குப் புலப்படும்போது, கற்றவன் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பது எல்லாத் துறையினருக்கும் பொதுவான பாடம். அப்பாடத்தைப் பாடேயின் வாழ்க்கையிற் காணலாம் ஆதலின், நம் மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி அதனை ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

ஜேர்மனி நாட்டின் வெஸ்ற்பாலியாப் பகுதியிலே, ஷ்றெற்றிங்ஹவுசன் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆந் திகதி பாடே பிறந்தார். தந்தையார் ஒரு பாடசாலை ஆசிரியர். மைந்தன் கிறித்தவ சமய சாத்திரம் பயின்று குருவாக விளங்குதல் வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மைந்தனின் மனமோ விண்மீன்களின் பாற் சென்றது. ஹேர்போட் நகரில் உயர்தரக் கல்வியை முடித்துக்கொண்டு, 1912இல் மூன்ஸ்ரர் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் கெற்றிங்கன் சர்வகலாசாலைக்கு மாறினார். கணிதமேதை கவுஸ் பல்லாண்டு பணியாற்றிய வானாய்வு நிலையம் அமைந்த இடம் அது. அங்கே புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் பீலிக்ஸ் கிளைன் என்பாருக்கு உதவியாளராகவும் பாடே பணிபுரிந்தார்.

பிறவியிலேயே இடுப்பெலும்பிற் குறையுடையவராதலின் அவர் சற்றுச் சாய்ந்தே நடப்பார். முதலாம் உலக யுத்தம் மூண்டபோது இக்குறையே அவரைப் போர்முனைக்குச் செல்லாது காத்தது. படிப்பை இடையறாது தொடர்ந்த அவர், 1919இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஹம்பேர்க்கில் 12 ஆண்டுகள்

பட்டம் பெற்ற ஆண்டிலேயே ஹம்பேர்க் நகரையடுத்த பேர்கெடோர்வ் வானாய்வு நிலையத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. ஒரு மீற்றர் விட்டமுள்ள ஆடியையுடைய தொலைகாட்டி அங்கே இருந்தது. அதனைக் கையாள்வதில் அவர் மிகுந்த தேர்ச்சி எய்தினார். 1920இல் சனிக்கோளின் பாதை வரை சென்று மீளும் ஹிடால்கோ என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1922இல் ஒரு வால்வெள்ளியையும் கண்டார். எனினும் வடஜேர்மனியின் வானம் முகில் மிக்கது. மங்கலான விண்மீன்களை ஆராய விழைந்த பாடேக்குத் தெளிந்த வானமும் பெரிய தொலைகாட்டியும் தேவைப்பட்டன. ரொக்கபெலர் நிதியத்தின் உதவிபெற்று 1926ஆம் 1927ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய வானாய்வு நிலையங்களைப் பார்த்து வந்தார். அதன்பின் அவர் நாட்டமெல்லாம் அந்நாட்டின்பாலே சென்றது.

பேர்கெடோர்வில் அவருக்குக் கிடைத்த நண்பருள் ஒருவர் பேர்ண்ஹார்ட் ஷ்மிற். இளமையில் விபத்தொன்றில் வலக்கையை இழந்த ஷ்மிற், எஞ்சிய ஒரு கையால் ஆடிகளையும் வில்லைகளையும் தேய்த்து உருவாக்குவதில் நிகரற்றவர். 1929ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காக இருவரும் பிலிப்பைன் தீவுகளுக்குக் கப்பலேறினர். வானத்தின் பரந்த பகுதியொன்றை ஒரே தகட்டிற் சிதைவின்றிப் படம்பிடிக்கும் கருவி ஒன்றின் அமைப்பினை ஷ்மிற் அப்பயணத்தின்போது பாடேக்கு விளக்கினார். அதன் பெருமதிப்பை உடனே உணர்ந்த பாடே, அதனைச் செய்து முடிக்குமாறு நண்பரை ஊக்கினார். 1930இல் ஷ்மிற் கருவி உருப்பெற்றது. அமெரிக்கா சென்றபின் பாடே அதன் சிறப்பினை அந்நாட்டாருக்கும் எடுத்துரைத்தார். இக்கருவி பின்னாளில் அவர்தம் ஆராய்ச்சிக்கே ஒரு புதிய பொருளைத் தேடித் தந்தமையைப் பின்னர்க் காண்போம்.

வில்சன் மலையில்

1931ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள வில்சன் மலை வானாய்வு நிலையம் பாடேயை அழைத்தது. அங்கிருந்த 100 அங்குலத் தொலைகாட்டியே அக்காலத்தில் உலகிற் பெரியது. 1934இல் பிரிற்ஸ் சுவிக்கி என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கருத்து ஒன்று வியக்கத்தக்கது. பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும்போது அதன் உட்பகுதி ஒடுங்கி நியூத்திரன்களாலாகிய மிகச் சிறிய விண்மீனாகும் என்பதே அக்கருத்து. நியூத்திரன் கண்டுபிடிக்கப்பட்டு ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்து, 1967இலும் 1968இலும் அத்தகைய விண்மீன்கள் வானொலி அலைகள் மூலம் அறியப்பட்டபோதே அது மெய்யென நிலைபெற்றது.

பாடேயின் பெயர் நிலைப்பதற்குக் காரணமான பணி வேறொன்று. அதனை விளங்கிக்கொள்வதற்கு அண்டங்களின் தூரம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

விளக்கொளியும் தூரமும்

இருளில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகிலுள்ள அகல்விளக்கோ, தொலைவிலுள்ள பெருவிளக்கோ என்பதைக் கண்ணாற் பார்த்த மாத்திரத்தே கூற இயலாது. விளக்கின் உண்மையான ஒளியளவு தெரியுமாயின், அது தோன்றும் மங்கலைக்கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். தூரம் இருமடங்கானால் ஒளி நாலிலொன்றாகக் குறையும். விண்மீன்களுக்கும் இதுவே விதி.

விண்மீனின் உண்மை ஒளியை அறிய வழிகாட்டியவர் ஹாவாட் வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹென்றியற்றா லெவிற் என்னும் பெண்மணியார். சில விண்மீன்கள் ஒரு கால ஒழுங்கில் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவன. சிறிய மகெல்லன் முகில் எனப்படும் சிற்றண்டத்திலுள்ள 25 மாறும் விண்மீன்களை ஆராய்ந்த அம்மையார், மாறுங் காலம் நீளுந்தோறும் விண்மீனின் ஒளியும் மிகுகின்றது என்பதை 1912இல் நிறுவினார். செபீயிட் எனப்படும் இவ்வகை விண்மீன்களைக் கொண்டே எட்வின் ஹபிள் அந்திரொமீடா அண்டத்தின் தூரத்தை அளந்து, அது நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி அண்டம் என்பதை 1920களில் மெய்ப்பித்தார்.

ஆர். ஆர். லைரே என்னும் மற்றொரு வகை மாறும் விண்மீன்களும் உள. இவை ஒரு நாளிலும் குறைந்த காலத்தில் மாறுவன. செபீயிட்டுகளினும் ஒளி குறைந்தவை. முதிய விண்மீன்கள் நிறைந்த கோளக் கொத்துகளிற் பெரிதும் காணப்படுவன. ஹாலோ ஷாப்ளி என்னும் அறிஞர் இருவகைக்கும் ஒரே விதியை வகுத்து, அதனையே அளவுகோலாக அமைத்திருந்தார். பிழை அங்கேதான் மறைந்திருந்தது.

1938இல் ஷாப்ளி, தென்னாபிரிக்காவில் எடுக்கப்பட்ட தகடுகளிலிருந்து ஸ்கல்ப்ரர், போர்ணாக்ஸ் என்னும் விண்மீன் குழுக்களின் திசையில் இரு புதிய சிற்றண்டங்கள் இருத்தலை அறிவித்தார். அவை மிக மங்கலானவை. தகட்டில் விரலடையாளம் பட்டதுபோலத் தோன்றுவன. பாடேயும் ஹபிளும் 100 அங்குலத் தொலைகாட்டியால் அவற்றை ஆராய்ந்து, ஸ்கல்ப்ரர் சிற்றண்டத்தில் ஆர். ஆர். லைரே வகை விண்மீன்கள் இருத்தலையும், போர்ணாக்ஸ் சிற்றண்டத்திற் கோளக் கொத்துகள் இருத்தலையும் 1939இல் வெளியிட்டனர். ஸ்கல்ப்ரர் ஏறக்குறைய 2,80,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது என்பது இக்காலக் கணிப்பு. நீல நிறமுள்ள பெருவிண்மீன்கள் அங்கே காணப்படாமை பாடேயின் சிந்தனையைத் தூண்டியது. நம் சூரியனைச் சூழ்ந்துள்ள பகுதியிற் காணப்படுவனவற்றுக்கு மாறாக, அவ்வண்டம் முழுவதும் கோளக் கொத்தொன்றின் இயல்பையே பெற்றிருந்தது.

யுத்தகால இருள்

1941ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்திற் புகுந்தது. ஹபிள் முதலிய அறிஞர்கள் யுத்தப் பணிக்குச் சென்றனர். பாடேயோ அமெரிக்காவில் 10 ஆண்டுகள் வாழ்ந்தும் ஜேர்மனியின் குடியுரிமையை விடாதிருந்தவர். அமெரிக்கக் குடியுரிமைக்காக அவர் பெற்றிருந்த பத்திரங்கள் வீடு மாறியபோது தவறிப்போயின. அவற்றை மீண்டும் பெறும் முயற்சியில் அவர் ஈடுபடவில்லை. ஆகவே சட்டம் அவரைப் பகைநாட்டார் என்று கொண்டது. இரவு எட்டு மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை வீட்டை விட்டு வெளியேறலாகாது என்ற கட்டளை அவருக்கும் விதிக்கப்பட்டது. இரவிலே தொழில் புரியும் வானியல் அறிஞருக்கு இதனினும் கொடிய தடை வேறொன்று இருத்தல் இயலாது. நிலையத்தின் தலைவராகிய வால்ற்றர் அடம்ஸ் அதிகாரிகளிடம் பரிந்து பேசியதன் பயனாக, மலைமேற் சென்று இரவில் ஆராயும் அனுமதி அவருக்கு அளிக்கப்பட்டது.

யுத்த அச்சத்தால் மலையடிவாரத்திலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகள் மறைக்கப்பட்டிருந்தன. வானம் முன்பில்லாத அளவுக்கு இருண்டிருந்தது. ஏனையோர் இல்லாமையால் 100 அங்குலத் தொலைகாட்டி பெரும்பாலான இரவுகளில் அவர் கைக்குக் கிடைத்தது. இவ்விரண்டு வாய்ப்புகளையும் அவர் வீணாக்கவில்லை.

அந்திரொமீடா அண்டத்தின் வெளிப்புறத்திலுள்ள விண்மீன்களை ஹபிள் தனித்தனியே பிரித்துக் காட்டியிருந்தார். அதன் நடுப்பகுதியோ எத்தகட்டிலும் பிரிவுபடாத வெறும் ஒளிப்படலமாகவே தோன்றியது. அதனுடன் துணையாக நிற்கும் எம் 32, என்.ஜீ.சீ. 205 என்னும் சிற்றண்டங்களும் அவ்வாறே தோன்றின. அக்காலத்தில் வழங்கிய தகடுகள் நீல ஒளிக்கே பெரிதும் வசப்படுவன. அங்குள்ள விண்மீன்கள் செந்நிறமுடையனவாயின் அத்தகடுகள் அவற்றைக் காட்டமாட்டா என்று பாடே எண்ணினார். சிவப்பு ஒளியை ஏற்கும் புதிய தகடுகளைப் பெற்று, சிவப்பு வடிகண்ணாடியையும் பொருத்தி, காற்று அசைவற்றிருக்கும் இரவுகளைத் தேர்ந்து, 1943ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் பணியைத் தொடங்கினார். இரவின் குளிரில் ஆடி சுருங்குந்தோறும் குவியம் சிறிது சிறிதாக மாறும். மணிக்கணக்காகத் தகட்டைத் திறந்து வைத்திருக்கையில் அம்மாற்றத்தை இடைவிடாது கணித்துத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். அவ்வாறு செய்து முடித்த தகடுகளைக் கழுவிப் பார்த்தபோது, ஒளிப்படலம் மறைந்து, தூவிய பொடிபோல எண்ணிறந்த செந்நிற விண்மீன்கள் தோன்றின. என்.ஜீ.சீ. 147, என்.ஜீ.சீ. 185 என்னும் வேறு இரு சிற்றண்டங்களையும் அவ்வாறே அவர் பிரித்துக் காட்டினார்.

இருவகைக் குடிகள்

1944இல் வெளியிட்ட கட்டுரைகளிற் பாடே விண்மீன்களை இரு குடிகளாக வகுத்தார். முதலாங் குடியில் நீல நிறமுள்ள பேரொளி விண்மீன்கள் உண்டு. அவை வாயுவும் தூசியும் செறிந்த சுருட்கைகளிலே வாழ்வன. இரண்டாங் குடியிற் செம்பெரு விண்மீன்களே ஒளிமிக்கவை. அவை கோளக் கொத்துகளிலும், சில சிற்றண்டங்களிலும், பேரண்டங்களின் நடுப்பகுதியிலும் காணப்படுவன.

இப்பாகுபாட்டின் உட்பொருள் வயதாகும் என்பது விரைவிற் புலனாயிற்று. எண்ணெய் நிறைந்த விளக்காயினும் திரி பெரிதாயின் விரைவில் அணைந்துவிடும். சிறுதிரி விளக்கு விடியும்வரை எரியும். அவ்வாறே பெருவிண்மீன்கள் தம் ஐதரசனைச் சில கோடி ஆண்டுகளிலே எரித்து முடித்துவிடுகின்றன. சிறியவை ஆயிரங்கோடி ஆண்டுகள் எரிகின்றன. ஆகவே ஒன்றாய்ப் பிறந்த விண்மீன் கூட்டத்தில் எத்துணைப் பெரிய விண்மீன்கள் இன்னும் மறையாது எஞ்சியுள்ளன என்று பார்த்தால் அக்கூட்டத்தின் வயது தெரியும். 1950களின் தொடக்கத்தில் இம்முறையைக் கோளக் கொத்துகளிற் கையாண்டு நிலைநாட்டியோருள் அலன் சாண்டேஜ், ஹால்ரன் ஆர்ப் என்னும் இருவரும் பாடேயின் மாணவர்களே.

வயதோடு மற்றொன்றும் சேர்ந்தது. ஆதியிலே ஐதரசனும் ஈலியமும் மிகச் சிறிதளவு இலிதியமுமே இருந்தன. காபன், ஒட்சிசன், இரும்பு முதலியன விண்மீன்களுள்ளே ஆக்கப்பட்டு, அவை அழியும்போது வெளியிலே பரந்தன. ஐதரசன், ஈலியம் நீங்கிய ஏனைய எல்லா மூலகங்களையும் உலோகம் என்ற ஒரு சொல்லாற் குறிப்பது வானியலார் வழக்கு. முன்னர்ப் பிறந்த விண்மீன்கள் உலோகக் குறைவுடையனவாக இருத்தல் இயல்பே. 1951இல் இரு விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்த சேம்பர்லினும் அலரும் இத்தகைய குறைவினை முதன்முதலாகத் தெளிவுறக் காட்டினர்.

பாடேயின் வகுப்பு முழுவதும் மாறாது நிற்கவில்லை என்பதையும் கூறுதல் முறையாகும். பேரண்டங்களின் நடுவிலுள்ள விண்மீன்கள் முதியவையாயினும் உலோகம் மிக்கவை என்பதை 1950களின் பிற்பகுதியில் மோர்கனும் மேயலும் காட்டினர். முதுமையும் உலோகக் குறைவும் எப்போதும் உடன்செல்வனவல்ல என்று அறியலாயிற்று. 1957இல் வத்திக்கானில் விண்மீன் குடிகளைப்பற்றி நிகழ்ந்த மாநாட்டில் இரு குடிகளும் மேலும் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டன. பாடேயும் அதிற் பங்குபற்றினார்.

காணாத விண்மீன்

1948இல் பலோமார் மலையில் 200 அங்குலத் தொலைகாட்டி திறந்து வைக்கப்பட்டது. அதனைக் கொண்டு பாடே செய்யக் கருதிய முதற்பணிகளுள் ஒன்று, அந்திரொமீடா அண்டத்தில் ஆர். ஆர். லைரே விண்மீன்களைக் காண்பது. அவ்வண்டம் ஏறக்குறைய 7,50,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது என்று அப்போது கொள்ளப்பட்டது. அத்தூரம் மெய்யாயின் அவ்விண்மீன்கள் 22.4 என்னும் ஒளிப்பருமனில் தோன்றல் வேண்டும். புதிய தொலைகாட்டியின் தகடுகள் அவ்வளவுக்கு மங்கலான விண்மீன்களைக் காட்ட வல்லவை. ஆயினும் தகட்டில் அவை காணப்படவில்லை.

இவ்விடத்திற் சிறிது நின்று சிந்தித்தல் தகும். எதிர்பார்த்த பொருள் காணப்படாவிடத்து மனிதர் கூறும் காரணங்கள் பல. தகடு குறையுடையது எனலாம். காற்று அசைந்தது எனலாம். மற்றோர் இரவு பார்ப்போம் எனலாம். 30 ஆண்டுகளாகப் பேரறிஞர் பலரும் கையாண்ட அளவுகோலைக் குறைகூறுவதினும் இவ்வாறு கூறுதல் எளிது. பாடே தம் தகடுகளின் திறத்தை நன்கறிந்தவர். அத்தகடுகளின் எல்லையில், ஆர். ஆர். லைரே விண்மீன்கள் தோன்றவேண்டிய அதே ஒளிப்பருமனில், இரண்டாங் குடியின் செம்பெரு விண்மீன்கள் தோன்றின. செம்பெரு விண்மீன்கள் ஆர். ஆர். லைரே விண்மீன்களினும் ஏறக்குறைய ஒன்றரைப் பருமன், அஃதாவது நான்கு மடங்கு, ஒளிமிக்கவை என்பது கோளக் கொத்துகளிலிருந்து முன்னரே தெரிந்த செய்தி. ஆகவே ஆர். ஆர். லைரே விண்மீன்கள் எதிர்பார்த்ததிலும் நான்கு மடங்கு மங்கலாக, தகட்டின் எல்லைக்கு அப்பால் மறைந்திருத்தல் வேண்டும். ஒளி நாலிலொன்றாகத் தோன்றின் தூரம் இருமடங்கு. அவ்வண்டத்தின் தூரம் செபீயிட்டுகளைக் கொண்டு அளக்கப்பட்டதாதலின், பிழை செபீயிட்டுகளின் அளவில் உள்ளது. அவை கருதப்பட்டதிலும் நான்கு மடங்கு ஒளிமிக்கவை. அவற்றுக்கும் முதிய குடியின் மாறும் விண்மீன்களுக்கும் ஒரே விதி பொருந்தாது. இதுவே பாடே கண்ட முடிவு.

1952ஆம் ஆண்டு உரோமாபுரியிற் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மகாநாட்டில் இதனை அவர் வெளியிட்டார். அவையிலிருந்த தக்கரே என்பார், தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியாவில் தாமும் தம் குழுவினரும் மகெல்லன் முகில்களின் கோளக் கொத்துகளில் ஆர். ஆர். லைரே விண்மீன்களைக் கண்டதாகவும், அவை பழைய கணக்கினும் மங்கலாகவே இருந்ததாகவும் அறிவித்தார். வேறொரு கண்டத்தில், வேறொரு தொலைகாட்டியால், வேறு அண்டங்களிலிருந்து கிடைத்த சான்று பாடேயின் முடிவை உறுதிசெய்தது.

அன்றோடு அண்டங்களின் தூரங்கள் யாவும் இருமடங்காயின. அண்டங்கள் ஒன்றையொன்று விலகிச் செல்லும் வேகத்தைக் கொண்டு கணிக்கப்படும் பிரபஞ்சத்தின் வயது 180 கோடி ஆண்டுகளிலிருந்து 360 கோடியாக உயர்ந்தது. பாறைகளின் கதிர்த்தொழிற்பாட்டிலிருந்து பூமியின் வயது 300 கோடிக்கும் மேற்பட்டது என அப்போது அறியப்பட்டிருந்தமையால், முரண்பாடு தீரும் வழி பிறந்தது. பின்வந்தோர் மேலும் திருத்தினர். இன்று அந்திரொமீடாவின் தூரம் ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டு என்றும், பூமியின் வயது 454 கோடி என்றும், பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி என்றும் கொள்ளப்படுகின்றன.

இறுதிப் பணிகள்

பின்னைய ஆண்டுகளிலும் பாடே சிற்றண்டங்களை மறந்தாரல்லர். ஐ.சீ. 1613 என்னும் உலோகக் குறைவுள்ள சிற்றண்டத்தை நெடுங்காலம் படம்பிடித்து, அதன் செபீயிட்டுகளை ஆராய்ந்தார். அங்குள்ள நீல விண்மீன்களுக்கு அப்பாலும் பரந்து மங்கலான செந்நிற விண்மீன்களின் படலமொன்று இருத்தலை அவர் கண்டார். இளமை தோன்றும் அண்டத்தினுள்ளும் முதிய குடி உண்டு என்பது அதனாற் புலனாயிற்று.

பலோமாரில் நிறுவப்பட்ட 48 அங்குல ஷ்மிற் கருவியின் தகடுகளிலிருந்து 1950களின் நடுவில் திராக்கோ என்னும் சிற்றண்டம் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பற் பயணத்தில் நண்பரிடம் கேட்டறிந்த கருவி பாடேக்கு ஆராய்ச்சிப் பொருளைத் தேடிக் கொடுத்தவாறு இதுவே. 200 அங்குலத் தொலைகாட்டியால் அவர் எடுத்த தகடுகளை ஹென்றியற்றா சுவோப் என்னும் அம்மையார் துணையாயிருந்து ஆராய்ந்தார். 260க்கும் மேற்பட்ட மாறும் விண்மீன்கள் அங்கே காணப்பட்டன. காலம் கணிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஆர். ஆர். லைரே வகையின. திராக்கோவின் விண்மீன்கள் பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பதும், அவற்றின் இரும்பு சூரியனிலுள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே என்பதும் இன்று தெரிந்தவை. அவ்வாராய்ச்சி 1961இல் வெளிவந்தபோது பாடே உயிருடன் இல்லை.

பாடே எழுதி வெளியிட்டவை குறைவு. ஐயமறத் தெளிந்தாலன்றி எழுதத் துணியார். தாம் கண்டவற்றை உரையாடலிலும் கடிதங்களிலும் பிறருக்குத் தயங்காது வழங்கினார். அவர் தொடங்கிய பணிகள் பலவற்றை மாணவரும் துணைவருமே முடித்து வெளியிட்டனர். பிரித்தானிய அரச வானியற் கழகம் 1954இல் தன் பொற்பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1958இல் ஓய்வுபெற்ற பின் ஹாவாட் சர்வகலாசாலையில் விரிவுரைகள் ஆற்றினார். அவை அவர் மறைவின் பின் 1963இல் நூலாக வந்தன. அவுஸ்திரேலியாவிலும் சில காலம் ஆராய்ந்தபின், இளமையிற் கற்ற கெற்றிங்கனுக்கே பேராசிரியராக மீண்டார். இளமை தொட்டுத் துன்பந் தந்த இடுப்பெலும்புக்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டதன் பின், 1960ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆந் திகதி அங்கேயே காலமானார்.

இன்றும் நிற்கும் வழி

1943இல் பாடே தம் தகடுகளின் எல்லையிற் கண்ட செம்பெரு விண்மீன்கள் இன்று தாமே ஓர் அளவுகோலாக விளங்குகின்றன. முதிய, உலோகக் குறைவுள்ள விண்மீன் கூட்டத்திற் செம்பெரு விண்மீன்கள் ஒரு குறித்த உச்ச ஒளியை எட்டியதும், அவற்றின் நடுவிலுள்ள ஈலியம் எரியத் தொடங்குகின்றது. அதன்மேல் அவை ஒளி மிகுவதில்லை. அவ்வுச்சம் எங்கும் ஏறத்தாழ ஒன்றேயாதலின், அது தோன்றும் மங்கலைக் கொண்டு சிற்றண்டத்தின் தூரத்தை அளக்கின்றனர். அதே விண்மீன்களின் ஒளியையும் நிறத்தையும் வரைபடத்திற் குறித்து அவ்வண்டத்தின் வயதையும் கணிக்கின்றனர்.

பாடேயின் பழைய தோழர் சுவிக்கியின் பட்டியலாற் பெயர்பெற்ற சுவிக்கி 18 என்னும் சிற்றண்டம் மிகுந்த உலோகக் குறைவுடையது. ஆதலின் அது அண்மையிலே பிறந்த அண்டம் என்று சிலர் கருதினர். 2007இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி அங்கே செம்பெரு விண்மீன்களைக் காட்டியது. அதன் தூரம் ஏறக்குறைய 5.9 கோடி ஒளியாண்டு என்பதும், அங்குள்ள சில விண்மீன்கள் 100 கோடி ஆண்டுகளேனும் முதியவை என்பதும் அதனால் அறியப்பட்டன. நீல ஒளியின் பின்னே மங்கலான செந்நிற விண்மீன்களைத் தேடு என்று பாடே காட்டிய வழியே இங்கும் உதவியது.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் லாஸ் கம்பனாஸ் மலைமேல் நிற்கும் 6.5 மீற்றர் தொலைகாட்டி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தூசி குறைந்து, பால்வீதியின் நடுப்பகுதியை நாம் காண இடந்தரும் வானப் பகுதியைப் பாடே சாளரம் என்று இன்றும் வழங்குகின்றனர்.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை பல. பகைநாட்டார் என ஒதுக்கப்பட்ட காலத்தையும் அவர் கல்விக்குப் பயன்படுத்தினார். உடற்குறையையும் குளிரையும் பொருட்படுத்தாது இரவுகள் பலவற்றைத் தொலைகாட்டியின் அடியிற் கழித்தார். இவை பாராட்டத்தக்கன. ஆயினும் எல்லாவற்றுக்கும் மேலாக நான் கருதுவது, அந்திரொமீடாவில் விண்மீன் காணப்படாத அன்று அவர் கொண்ட நேர்மையாகும். தம் தகட்டின் திறத்தை அவர் தெளிவாக அறிந்திருந்தமையால், பெரியோர் வகுத்த கணக்கைத் திருத்தும் உரிமை அவருக்கு உண்டாயிற்று. தம் தொழிலை அவ்வளவுக்கு அறியாதார் அவ்வுரிமையைக் கொண்டாடல் தகாது. அறிந்தார் அதனைப் பயன்படுத்தாது விடுதலும் தகாது. நம் கல்லூரியிற் பயிலும் இளைஞர் எத்துறையிற் புகுந்தாலும், முதலிற் கைத்தொழில் தேர்ந்து, பின்னர்க் கண்டதைக் கண்டவாறு கூறும் துணிவும் பெற்று விளங்குவாராக.